கட்டிப் போட்ட ஓட்டம்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கெல்லாம் பேச்சு இருந்தது. ஆடுகள் ஓயாமல் பேசின. காக்கைகள் ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் போய்ச் சொல்லின. வேட்டை நாய் மட்டும் அளந்துதான் பேசும். தன்னிடம் இருந்த மூச்சை அது ஓட்டத்துக்கென்று வைத்திருந்தது.

கரிசல் காட்டில் ஓர் ஓடைக்கரையில் சில வீடுகள் இருந்தன. அதில் ஒரு வீட்டில் வேலாண்டி என்பவன் ஆடு வளர்த்தும் முயல் பிடித்தும் பிழைத்து வந்தான். மனைவி மாடத்தி. ஒரே மகள் உகந்தாள். அவர்களோடு ஒரு பெட்டை வேட்டை நாய். அதற்குச் சாரை என்று பெயர். கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேலே இரண்டு செம்புள்ளி, முதுகோடு ஒட்டிய வயிறு. சாரைப் பாம்பைப் போல மெலிந்து நீண்டிருந்ததால் அந்தப் பெயர் வந்தது.

விடியும் நேரத்தில் உகந்தாள் படலைத் திறந்து விடுவாள். சாரை வாசலில் ஒருமுறை உடம்பை நீட்டி முறிக்கும். அடுத்த பார்வையில் அங்கே இருக்காது. அறுத்த சோளக்காட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டுத் திரும்பும். வரும்போது வாயில் முயல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உடம்பில் முள் கீறல் மட்டும் கட்டாயம் இருக்கும். கூழைக் குடித்துவிட்டு ஒருவருக்கும் தொந்தரவு இல்லாமல் படுத்துக் கொள்ளும்.

பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது கூடவே ஒரு வேட்டை நாயையும் அனுப்புவது அந்தச் சனங்களின் வழக்கம். நாய்க்கு மஞ்சள் பூசி, கழுத்தில் புதுக் கயிறு கட்டி, கயிற்றின் நுனியைப் பெண்ணின் கையில் கொடுப்பார்கள். போகிற ஊரில் அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதற்காக.

உகந்தாளைத் தன் இளைய மகனுக்குக் கேட்டு வேலாண்டியின் தங்கை முறையான குருவம்மாள் மாசி மாதம் வந்தாள். வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். எழுந்து போகும்போது அவள் சாரையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பொண்ணுல ஒரு கொறையும் இல்ல மதினி. நாயத்தான் முள்ளுக்குள்ள இருந்து உருவிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள் மாடத்தியிடம்.

"வேட்டை நாய்க்கு முள்ளு படாம இருக்குமா தாயி?" என்றான் வேலாண்டி.

"அதுக்கில்லண்ணே. என் மூத்த மருமக கொண்டாந்த நாயி பட்டு மாதிரி வந்துச்சு. எங்க ஊர்க்காரிக வாயி உங்களுக்குத் தெரியாது. 'இளையவ கிழிஞ்ச பாயைக் கொண்டாந்திருக்கா'ன்னு சொல்லிட்டாளுகன்னா எம்மகன் மொகத்த எங்க வைப்பான்?"

படுத்திருந்த சாரை தலையைத் தூக்கியது. "கிழிஞ்ச பாயி முயல் பிடிக்குமா?" என்று கேட்டது.

"பாருங்கண்ணே, வாயி வேற!" என்றாள் குருவம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வேலாண்டி சிரிக்கவில்லை. "வைகாசில வந்து பாரு. பட்டு என்ன பட்டு, அதுக்கு மேல ஆக்கிக் காட்டுதேன்" என்றான்.

மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து சாரையின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, முற்றத்து வேம்பில் முடிந்தான்.

"வேலாண்டி, இது எதுக்கு?" என்று கேட்டது சாரை.

"உன் நல்லதுக்குத்தான். கல்யாணம் முடியுற வரைக்கும் மேல ஒரு முள்ளு படக்கூடாது. கூழும் பாலும் நீ இருக்கிற எடத்துக்கே வரும். தின்னுட்டுப் படுத்துக்கிட வேண்டியதுதான்."

"எனக்குள்ள ஓட்டம் தெனமும் ஊறும். ஊத்துத் தண்ணி மாதிரி. எறைச்சாத்தான் சரிப்படும்."

"எறைக்கலேன்னா?"

சாரை யோசித்தது. "தெரியல. ஒரு நாளும் எறைக்காம இருந்ததில்ல."

"அப்ப தெரிஞ்சுக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு வேலாண்டி ஆட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

முதலில் சாரை கயிற்றைக் கடித்து அறுத்தது. வேலாண்டி சங்கிலி போட்டான். பிறகு அது மண்ணைத் தோண்டியது. வேம்பின் வேர் வெளியே தெரியும்வரை தோண்டியது. சங்கிலி எட்டும் தூரத்துக்குள் வட்டமாகவே சுற்றிச் சுற்றி வந்ததில், தரையில் வாய்க்கால் போல ஒரு தடம் விழுந்துவிட்டது. கட்டில் காலைக் கடித்தது. பாத்திரத்தைக் கவிழ்த்தது. மாடத்தி கூழ் வைக்கக் குனிந்தபோது அவள் முந்தானையைப் பல்லால் பற்றிக்கொண்டு, "அவுத்து விடு, அவுத்து விடு" என்று கெஞ்சியது.

"அப்பா, ஒரு சுத்து ஓடிட்டு வரட்டும். நானும் கூடவே போறேன்" என்றாள் உகந்தாள்.

"கூடப் போயி முள்ளையெல்லாம் ஒதுங்கி நிக்கச் சொல்லுவியோ?" என்றான் வேலாண்டி. தனக்குத் தெரியாமல் மகள் அவிழ்த்துவிடுவாளோ என்று பயந்து, சங்கிலியின் கொக்கியைக் கல்லால் தட்டி வளைத்து இறுக்கினான். தினமும் சாரைக்கு விளக்கெண்ணெய் தடவினான். ஆட்டுப்பாலும் எலும்புச் சாறும் வைத்தான். கீறல்கள் ஆறின. விலா எலும்புகள் மறைந்தன. மேல் மினுமினுத்தது.

பங்குனி முடியும் சமயத்தில் ஒரு நாள் சாரை அடங்கிவிட்டது. தோண்டவில்லை, சுற்றவில்லை, கேட்கவில்லை. வேம்பின் அடியில் நிழல் போலக் கிடந்தது.

"பாத்தியா, பழகிப் போச்சு" என்றான் வேலாண்டி.

மாடத்திக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. காரணம் மட்டும் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு உச்சி வேளையில் ஆடுகள் பேச்சை நிறுத்தின. ஓயாமல் வழக்கு வைக்கிற ஆடுகள் உடைமர நிழலில் ஒன்றோடொன்று ஒட்டி நின்று, எல்லாம் ஒரே பக்கமாகப் பார்த்தன. அந்தப் பக்கம் வெட்டவெளி. அறுத்த சோளத்தட்டையின் அடிக்கட்டைகள் மட்டும் வெயிலில் நின்றன. காற்று இல்லை. ஆனால் தூரத்தில் ஒரு கோடாகத் தூசி கிளம்பி, வளைந்து, ஓடையைத் தாண்டிப் போனது. கூடவே நான்கு கால் நிலத்தில் படுகிற ஓசை.

"என்ன அது?" என்று வேலாண்டி கேட்டான்.

கிடாய்தான் பதில் சொன்னது. "காலு இருக்கு. முதுகு இல்ல."

மறுநாள் ஓடைக்குள் ஒரு முயல் செத்துக் கிடந்தது. பல் பட்ட அடையாளம் எங்கும் இல்லை. வாயில் நுரை. நான்கு பாதமும் தேய்ந்து தோல் போயிருந்தது. அதற்குப் பின் ஒரு நரி அப்படியே கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. பிறகு வேலாண்டியின் கிடாய். அதைத் தூக்கிவந்து முற்றத்தில் போட்டுவிட்டு, கூட இருந்த ஆடுகளிடம் நடந்ததைக் கேட்டான்.

"அது கடிக்கல" என்றது ஒரு வெள்ளாடு. "பின்னாலயே வந்துச்சு. இவன் ஓடினான். பெறகு நிக்க மறந்துட்டான்."

"நீங்க?"

"நாங்க நின்னோம். எங்களச் சுத்திட்டுப் போயிருச்சு. நிக்கிறது அதுக்குத் தேவையில்ல. ஓடுறதுதான் வேணும்."

இந்தச் செய்தி எல்லா வீட்டுக்கும் போயிற்று. அதன்பின் அந்த ஓடைக்கரையில் ஒருவரும் வேகமாக நடக்கவில்லை. பகலில் வெளியே போகிறவர்கள் தலையில் நிறைகுடம் இருப்பது போலக் காலை எண்ணி எண்ணி வைத்தார்கள். உச்சி வேளைக்கு முன்பே பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். கதவுக்கு வெளியே அந்த ஓசை ஊரைச் சுற்றி வரும். தூரத்தில் கேட்கும், பக்கத்தில் கேட்கும், சுவரை ஒட்டிக் கேட்கும். மூச்சிரைப்பு இருக்காது. ஓடுகிற எதற்கும் மூச்சிரைக்கும் அல்லவா? அதற்கு மட்டும் இரைக்கவே இல்லை. அதுதான் கேட்டவர்களை நடுங்க வைத்தது.

சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்து நின்றது. மாடத்தி ஈர மண்ணில் காலடித் தடங்களைப் பார்த்தாள். வேம்பின் அடியில் தொடங்கி வெளியே போயிருந்தன. முன் வலக்காலில் ஒரு நகம் இல்லை. சாரை குட்டியாக இருந்தபோது கல்லிடுக்கில் மாட்டிப் போன நகம் அது. சங்கிலி அறுபடாமல் அப்படியே இருந்தது. சாரையும் படுத்த இடத்தில் இருந்தது.

அவள் கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "நம்ம நாயோட ஓட்டம்தான் அலையுது. அவுத்து விட்டுருங்க."

வேலாண்டி தடத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. ஆனாலும், "ஊர்ல இருக்கிற நாயெல்லாம் நாலு காலுதான். இன்னும் கொஞ்ச நாளு. குருவம்மா வந்து பாத்துட்டுப் போகட்டும். சொன்ன சொல்லு இருக்குல்ல" என்றான்.

"சொன்ன சொல்லு பெருசா, ஊரு பெருசா?"

அன்று உச்சி வேளையில் வேலாண்டி தனியாகப் போய்ச் சாரையைத் தொட்டுப் பார்த்தான். சித்திரை வெயிலில் அதன் உடம்பு தண்ணீர்ப் பானையின் அடிப்பகுதி போலக் குளிர்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. கண்ணுக்குள் யாரும் இல்லை. ஓடைப் பக்கம் ஓசை கேட்டுக் கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு சாரைக்கு நினைவு திரும்பியது. "நீதானா?" என்று கேட்டான் வேலாண்டி.

"நான் இங்கதான் கெடக்கேன். அது என்னக் கேட்டுட்டுப் போகல."

"திருப்பிக் கூப்பிடு."

"ஓட்டத்தை உக்காந்துக்கிட்டுக் கூப்பிட முடியாது, வேலாண்டி. ஓடித்தான் பிடிக்கணும்."

அப்போதாவது அவிழ்த்திருக்கலாம். வேலாண்டி அதன் மினுமினுத்த முதுகைத் தடவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. குருவம்மாள் பரிசச் சேலையோடு வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் வந்து போனதும் அவிழ்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் வருகிற நாளில் உகந்தாள் காலையிலேயே ஓடைக்குத் தண்ணீருக்குப் போனாள். கோடையில் ஓடை மணலைத் தோண்டி, ஊறி வர வர அகப்பையால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். அன்று ஊற்று சரியாகச் சுரக்கவில்லை. குடம் நிரம்பும்போது வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டது.

பாதி வழியில் பின்னால் ஓசை கேட்டது. அவள் ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஓசை அருகில் வந்தது. அவளைச் சுற்றியது. அவள் கணுக்காலில் சூடான தூசி பட்டது. அப்போதும் நடந்தாள். வீட்டு வேம்பு தெரிந்தது. வாசலில் விருந்தாளிகள் தெரிந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சும்மாடு நழுவித் தலையில் இருந்த குடம் சாய்ந்தது. அதைப் பிடிக்க இரண்டு எட்டு வேகமாக எடுத்து வைத்தாள்.

அவ்வளவுதான். குடம் விழுந்தது. அவள் நிற்கவில்லை.

குருவம்மாள்தான் முதலில் பார்த்தாள். "மருமக என்ன, இப்படி ஓடி வாரா? அவ்வளவு அவசரமா!" என்று சிரித்தாள். உகந்தாள் வீட்டை நோக்கி ஓடி வந்தாள். வீட்டைத் தாண்டியும் ஓடினாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு கோடாகத் தூசி வந்தது. குருவம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நில்லு தாயி! நில்லு!" என்று வேலாண்டி கத்தினான்.

"நிக்க முடியலப்பா!" என்று அழுதபடி அவள் தட்டைக் காட்டுக்குள் இறங்கி வளைந்தாள். வெட்டிய அடிக்கட்டைகள் அவள் பாதத்தைக் கிழித்தன.

குருவம்மாள் பாயப் போனாள். மாடத்தி அவளை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக் கொண்டாள். "ஓடாதீக மதினி! ஓடினா உங்க பின்னாலயும் வரும்." பிறகு கணவனைப் பார்த்து, "நடந்து போங்க. சாரையை அவுத்து விடுங்க. ஓடிராதீக. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவுக்க ஆளில்ல" என்றாள்.

வேலாண்டி நடந்தான். வாசலிலிருந்து வேம்பு எட்டும் தூரம்தான். அவன் பிறந்ததிலிருந்து அவ்வளவு தூரம் நடந்ததில்லை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மகளின் அழுகை ஒருமுறை பக்கத்தில் வந்து ஒருமுறை தூரத்தில் போயிற்று. அவள் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் குரல் சிறுத்தது. அவனுடைய முழங்கால் பாய்ந்து போகத் துடித்தது. தொடையைக் கைகளால் அழுத்திக்கொண்டு காலை எடுத்து வைத்தான்.

கொக்கி திறக்கவில்லை. அவனே தட்டி இறுக்கிய கொக்கி. கல்லை எடுத்து அடித்தான். விரல் நசுங்கியது. மீண்டும் அடித்தான். மகளின் அழுகை நின்றுவிட்டது. மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. கொக்கி பிளந்தது.

சாரை அசையவில்லை. குளிர்ந்து கிடந்தது.

அவன் அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டு, "சாரை, எம்மக" என்றான்.

கண்ணுக்குள் யாரோ வெகு தூரத்திலிருந்து வருவது போல ஒரு வெளிச்சம் வந்தது. "கொஞ்ச மூச்சுதான் மிஞ்சியிருக்கு" என்றது சாரை. "ஓடணும்னா பேச்சையும் அதுல சேக்கணும். இனிமே நான் எதையும் கேக்க மாட்டேன். கேக்காமலே உனக்குத் தெரியணும்."

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு.

எழுந்தது. கால் மடங்கி விழுந்தது. எண்ணெயும் பாலுமாக வளர்ந்த உடம்பைத் தூக்க முடியாமல் மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை விழவில்லை. முற்றத்து மண் வேலாண்டியின் முகத்தில் தெறித்தது.

உகந்தாளுக்கும் அந்தத் தூசிக்கும் நடுவில் சாரை குறுக்கே பாய்ந்தது. ஒரு நொடி இரண்டு ஓசை கேட்டது, உடம்புள்ள ஓட்டமும் உடம்பில்லாத ஓட்டமும். பிறகு ஒரே ஓசை ஆயிற்று. உகந்தாள் கால் பின்னிக் குப்புற விழுந்தாள். தூசி அவளை விட்டுவிட்டுச் சாரையோடு சேர்ந்து ஓடையைத் தாண்டி, உடைமரக் காட்டுக்குள் போய் மறைந்தது.

அவளைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். உயிர் இருந்தது. குருவம்மாள் அவள் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு குத்தியிருந்த தட்டைச் சிலாம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தாள். பரிசச் சேலையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

பொழுது சாயும்போது சாரை வந்தது. மூன்று மாதத்துக் கொழுப்பு ஒரே பகலில் கரைந்து வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. உடம்பு முழுவதும் முள் கிழித்திருந்தது. நாக்கு தொங்க, பெரிதாக மூச்சிரைத்தது. அந்த இரைப்பைக் கேட்டதும் மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எல்லாம் போயிருச்சா? தீந்துருச்சா?" என்று வேலாண்டி கேட்டான். சாரை அவனைப் பார்த்தது. வாலை ஒருமுறை ஆட்டியது. பதில் வரவில்லை. உகந்தாளின் கட்டுப் போட்ட காலருகே சுருண்டு உடனே தூங்கிப் போயிற்று.

சற்று நேரத்தில் அதன் கால்கள் ஓடத் தொடங்கின. கண் மூடியிருக்க, படுத்த இடத்தில் நான்கு காலும் காற்றை மிதித்தன. தொண்டைக்குள் மெல்லிய முனகல். வேலாண்டி நடுங்கிப் போய் அதை எழுப்பக் கையை நீட்டினான்.

"தொடாதீங்கப்பா" என்றாள் உகந்தாள். "அவ்வளவு நாள் சேந்தது ஒரே பகல்ல தீருமா? மிச்சத்தை ஓடித் தீக்குது. உள்ளேயே ஓடட்டும். எழுப்பினா வெளிய வந்துரும்."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. உகந்தாள் ஊரெல்லையில் வண்டியிலிருந்து இறங்கியதும், மாமியார் வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே, சாரையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து விட்டாள். அது ஓடித் திரும்பி வரும்வரை மாப்பிள்ளை வீட்டார் வெயிலில் காத்து நின்றார்கள். "எவ்வளவு நேரந்தான் நிக்கிறது?" என்று எவளோ முணுமுணுத்தாள். குருவம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சாரை தன் பேச்சை ஓட்டத்தில் சேர்த்த நாள் தொடங்கித்தான் வேட்டை நாய்க்குப் பேச்சு இல்லாமல் போயிற்று. தூக்கத்தில் அதன் கால்கள் ஓடுவதும் அதனால்தான். அப்படி ஓடுகிற நாயை யாரும் தட்டி எழுப்புவதில்லை. அதை வளர்க்கிற வீட்டில் தாங்கள் கஞ்சி குடிக்கும் முன்பே நாயை அவிழ்த்து விடுகிறார்கள். என்றைக்காவது மறந்துவிட்டால், அந்த வீட்டார் உச்சி வேளையில் மெதுவாகத்தான் நடக்கிறார்கள்.